1999 டெட்ரொயிட் சீரிஸ் 60 லொறி: ஈசிஎம் தரவை எதை வைத்து வாசிப்பது?

பிரம்டன்_லொறி எழுதியது:

வணக்கம் அண்ணைமார். என்னிடம் இருப்பது 1999 மாடல் நெடுந்தூர லொறி. டெட்ரொயிட் சீரிஸ் 60, 12.7 லீட்டர் என்ஜின், அதை நடத்தும் கம்ப்யூட்டர் (ஈசிஎம்) டிடெக்-4. 2000-க்கு முந்தைய மாடல் என்பதால் கனடாவிலும் அமெரிக்காவிலும் ஓட்டும் நேரத்தைப் பதியும் மின்னணு லொக் கருவி பூட்டத் தேவையில்லை, கடனும் முடிந்துவிட்டது, என்ஜின் இன்றைக்கும் நல்ல பலமாக இழுக்கிறது. அதனால் இதைக் கொடுத்துவிட்டுப் புதுசு எடு என்று மட்டும் யாரும் சொல்லவேண்டாம், எனக்கு இந்த வண்டிதான் வேண்டும்.

பிரச்சினை இதுதான். மழை நாட்களிலும், பாலத்து மூட்டுகளில் சில்லு ஏறி இறங்கும்போதும் செக் என்ஜின் லைட் ஒரு கணம் எரிந்து அணைகிறது. அந்தக் கணத்தில் வண்டி இழுவையை விட்டுவிடுகிறது, பிறகு தானாகவே சரியாகிவிடுகிறது. 401 நெடுஞ்சாலையில் லோடோடு மேட்டில் ஏறும்போது இப்படி நடந்தால் பின்னால் வருபவர்களுக்கு ஆபத்து, அதுதான் கவலை. டாஷ்போர்டில் உள்ள டயக்னொஸ்டிக் சுவிட்சை அழுத்திப் பார்த்தேன். மஞ்சள் லைட் 14, 23, 33, 35 என்று மின்னுகிறது, சிவப்பு லைட்டில் 25 மட்டும். 33 என்றால் டர்போ பூஸ்ட் சென்சர் என்று சொல்லி ஒரு கராஜில் அந்த சென்சரை மாற்றினார்கள். பணம் போனது, குறை அப்படியே இருக்கிறது.

சரி, நானே தரவை வாசிக்கலாம் என்று காருக்குப் பாவிக்கும் சின்ன புளூடூத் ஸ்கேனரும், 9 ஊசி வட்டக் கனெக்டரை 16 ஊசிக்கு மாற்றும் வயரும் வாங்கினேன். ஃபோனில் 'வாகனத்துடன் இணைய முடியவில்லை' என்பதற்கு மேல் எதுவும் வரவில்லை. ஸ்கேனர் பழுதா, லொறியின் லைன் பழுதா? ஆயிரக்கணக்கில் செலவழிக்காமல் லப்டொப்பில் இந்த என்ஜினின் எண்களை ஓடும்போதே பார்க்க வழி இருக்கிறதா?

---

கரிப்புகை எழுதியது:

தம்பி, ஸ்கேனரும் பழுதில்லை, லைனும் பழுதில்லை. இரண்டும் வேறு வேறு மொழி பேசுகின்றன, அவ்வளவுதான். அமெரிக்காவில் 1996-இலிருந்து கார்களுக்கு வந்த ஓபிடி-2 விதி (எல்லாக் காரையும் ஒரே ஸ்கேனரால் வாசிக்க வைப்பது) கனரக லொறிகளுக்கு அப்போது இல்லை. லொறிகளுக்கு ஜே1708 என்று தனி லைன் இருந்தது. அதில் இரண்டு வயர், நொடிக்கு 9600 பிட் வேகம். அந்த வயரில் என்ன வரிசையில் எண்கள் போகவேண்டும் என்று சொல்வது ஜே1587. பிறகு வந்த ஜே1939 தான் கேன் என்ற வேறு வகை லைனில் ஓடுவது, நொடிக்கு 250,000 பிட். அந்தப் புளூடூத் பெட்டிக்கு கேன் தெரியும், ஜே1708 தெரியவே தெரியாது. நீங்கள் வாங்கிய மாற்று வயரும் கேன் ஊசிகளை மட்டும்தான் இணைத்திருக்கும். உங்கள் வண்டியில் டிடெக் பேசுவது பக்கத்து ஊசிகளில்.

இனி லைட் மின்னிக் காட்டும் குறை எண், அதாவது கோட் விஷயத்துக்கு வருகிறேன், இதுதான் முக்கியம். மஞ்சள் லைட்டில் மின்னுவது பழைய, இப்போது இல்லாத குறைகள். சிவப்பில் மின்னுவது இந்த நிமிடம் இருக்கும் குறை. சிவப்பில் 25 வந்தால் 'எதுவும் இல்லை' என்று அர்த்தம், ஆக வண்டி நிற்கும்போது எல்லாம் சரியாக இருக்கிறது. ஆனால் பழைய கோட்களைத் தனித்தனியாகப் பார்க்கக்கூடாது, நாலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 14 என்பது குளிர்நீர் அல்லது ஒயில் வெப்ப சென்சர், வோல்டேஜ் அதிகம். 23 எரிபொருள் வெப்ப சென்சர், வோல்டேஜ் அதிகம். 33 பூஸ்ட், வோல்டேஜ் அதிகம். 35 ஒயில் பிரஷர், அதுவும் வோல்டேஜ் அதிகம். நாலு வெவ்வேறு சென்சர், நாலுக்கும் ஒரே புகார். நாலும் ஒரே நேரத்தில் செத்துப்போகுமா? போகாது.

இந்தக் கோட்களுக்குள் உண்மையில் மூன்று எண் இருக்கின்றன. யார் பேசுவது (என்ஜின் என்றால் 128), எதைப் பற்றி (பூஸ்ட் என்றால் 102, ஒயில் பிரஷர் 100, குளிர்நீர் 110, எரிபொருள் வெப்பம் 174), என்ன விதமான குறை என்பது மூன்றாவது. அந்த மூன்றாவதைத்தான் எஃப்எம்ஐ என்கிறோம். 0 என்றால் அளவு உண்மையிலேயே மேலே போய்விட்டது, 1 என்றால் உண்மையிலேயே கீழே இறங்கிவிட்டது. 3 என்றால் சிக்னல் வயரில் வோல்டேஜ் எல்லைக்கு மேல், 4 என்றால் எல்லைக்குக் கீழ். 0, 1 வந்தால் என்ஜினைப் பார்க்கவேண்டும், 3, 4 வந்தால் வயரைப் பார்க்கவேண்டும். இந்த ஒரு வித்தியாசத்தைப் பார்க்காமல் எத்தனை நல்ல சென்சர்களைக் கழற்றி எறிகிறார்கள் என்பதை நினைத்தால் வயிறு எரிகிறது.

உங்களுக்கு வந்தது எல்லாம் 3. பிரஷர் சென்சருக்கு மூன்று வயர்: 5 வோல்ட், சிக்னல், மின்சாரம் ஈசிஎம்முக்குத் திரும்பிப் போகும் திரும்பும் வயர். வெப்ப சென்சருக்கு இரண்டு: சிக்னல், திரும்பும் வயர். வெப்ப சென்சரில் ஈசிஎம் உள்ளிருந்தே சிக்னலை 5 வோல்ட் பக்கம் இழுத்துப் பிடித்திருக்கும், சென்சர் அதைக் கீழே இழுக்கும். திரும்பும் வயர் அறுந்தால் அங்கே கீழே இழுப்பதற்கு ஆளில்லை, பிரஷர் சென்சரின் சிக்னலும் அதன் 5 வோல்ட் வயர் பக்கம் போய்விடும், ஆக எல்லா சிக்னலும் மேலே ஏறிவிடும். 5 வோல்ட் வயர் அறுந்திருந்தால் பிரஷர் சென்சர் இரண்டும் 4 காட்டும், வெப்ப சென்சர்கள் பாட்டுக்கு வேலை செய்யும். ஆக உங்கள் வண்டியில் சந்தேகப்படவேண்டியது என்ஜின் பக்க சென்சர்கள் எல்லாம் பகிரும் திரும்பும் வயர். டிடெக் வயரின் மேல் எண் அச்சடித்திருப்பார்கள், இதற்கு 452. 5 வோல்ட் வயருக்கு 416.

இன்னொன்று. கால் பெடல் சென்சருக்கு 21 வரவில்லை அல்லவா? பெடல், கபின் பக்க ஹார்னஸில் (வயர்க்கட்டில்) 916, 952 என்ற வேறு வயர்களில் ஓடுகிறது. அது சரியாக இருக்கிறது என்பதால் தேடவேண்டிய இடம் என்ஜின் மேல் போகும் ஹார்னஸ் மட்டும். பாதி வேலை முடிந்தது.

---

பிட்டும்பைட்டும் எழுதியது:

நான் சென்னையில் வாகன எலெக்ட்ரானிக்ஸ் வேலையில் இருக்கிறேன், லாரி ஓட்டுபவன் அல்ல. ஆனால் ஜே1708 எனக்கு மிகவும் பிடித்த லைன், ஏனென்றால் இதை வாசிக்க மாயமந்திரம் எதுவும் வேண்டாம். மின்சார அளவில் இது ஆர்எஸ்-485 என்ற பொதுவான இரண்டு வயர் சீரியல் முறைதான். யுஎஸ்பி-ஆர்எஸ்485 மாற்றி ஒன்று, மலிவாகக் கிடைக்கும், அதுவும் ஒரு லேப்டாப்பும் போதும். 9 ஊசி கனெக்டரில் எஃப் ஊசி ஜே1708 பிளஸ், ஜி ஊசி மைனஸ், ஏ ஊசி கிரவுண்ட், பி ஊசி பேட்டரி பிளஸ். பி ஊசியை மட்டும் தொடவே தொடாதீர்கள், உங்கள் மாற்றியின் உயிர் போய்விடும். சி, டி இரண்டும் கேன், அது இப்போது வேண்டாம். இதைவிடப் பழைய வண்டியில் 6 ஊசி கனெக்டர் இருந்தால் ஏ, பி இரண்டும்தான் ஜே1708, அங்கே சி பேட்டரி பிளஸ், ஈ கிரவுண்ட். எழுத்து கனெக்டரின் முகத்திலேயே பொடியாக இருக்கும், டார்ச் அடித்துப் பாருங்கள்.

சீரியல் போர்ட்டை 9600, 8 பிட், பாரிட்டி இல்லை, 1 ஸ்டாப் என்று வைத்துவிட்டு சாவியை ஆன் செய்தால் எண்கள் கொட்டும். நீங்கள் எதையும் கேட்கக்கூடத் தேவையில்லை, ஈசிஎம் தானாகவே பேசிக்கொண்டிருக்கும். குப்பையாக வந்தால் இரண்டு வயரையும் மாற்றிப் போடுங்கள்.

வருவதை எப்படிப் பிரிப்பது என்று ஒரு உதாரணத்தோடு சொல்கிறேன். இப்படி ஒரு வரி வந்தது என்று வையுங்கள்:

128 190 96 9 100 60 110 185 146

128 என்றால் என்ஜின் பேசுகிறது. 190 என்றால் சுழற்சி வேகம், அதற்கு இரண்டு பைட், சின்னது முதலில். 9-ஐ 256-ஆல் பெருக்கி 96-ஐக் கூட்டினால் 2400, ஒவ்வொன்றும் கால் ஆர்பிஎம், ஆக 600 ஆர்பிஎம், ஐட்லிங். 100 என்றால் ஆயில் பிரஷர், ஒவ்வொன்றும் அரை பிஎஸ்ஐ, ஆக 60 என்றால் 30 பிஎஸ்ஐ. 110 குளிர்நீர், 185 டிகிரி ஃபாரன்ஹீட், நம் கணக்கில் 85 செல்சியஸ். கடைசி 146 சரிபார்ப்பு எண்: எல்லாவற்றையும் கூட்டினால் 1024 வரும், 256-ஆல் வகுத்தால் மீதி பூஜ்யம். மீதி வந்தால் அந்த வரியைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். ஒரு வரி எங்கே முடிகிறது என்பதை லைனில் உள்ள மௌனத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்கவேண்டும் என்று விதி சொல்கிறது, ஆனால் யுஎஸ்பி அந்த நேரத்தையெல்லாம் கலைத்துவிடும். அதனால் என் புரோகிராமில் 128-இல் ஆரம்பித்து 21 பைட்டுக்குள் கூட்டுத்தொகை எங்கே சரியாகிறது என்று தேடுவேன், உள்ளே இருக்கும் எண்களும் ஒழுங்காகப் பிரிகின்றனவா என்று பார்த்துக்கொள்வேன். தூய்மையான வழி இல்லைதான், ஆனால் நன்றாக வேலை செய்கிறது.

0 முதல் 127 வரை உள்ள அளவுகளுக்கு ஒரு பைட், 128 முதல் 191 வரை இரண்டு பைட், 192 முதல் 253 வரை எத்தனை பைட் என்பதை முதல் பைட்டே சொல்லிவிடும். இந்த விதி தெரிந்தால் உங்களுக்கு அர்த்தம் தெரியாத எண்ணையும் தாண்டிப் போகலாம். பூஸ்ட் 102, ஒவ்வொன்றும் 0.125 பிஎஸ்ஐ. பேட்டரி வோல்டேஜ் 168, இரண்டு பைட், ஒவ்வொன்றும் 0.05 வோல்ட்.

கோட்கள் 194-இல் வரும். 194 3 168 225 7 என்று வந்தால்: அடுத்து 3 பைட் இருக்கிறது, குறை 168-ஐப் பற்றி, கடைசி 7 என்பது ஏழு முறை நடந்தது. நடுவில் உள்ள 225-ஐ பிட்டாக உடைக்கவேண்டும். 225 என்பது 128 + 64 + 32 + 1. 128 இருந்தால் எண்ணிக்கை கூட வருகிறது, 64 இருந்தால் இப்போது அந்தக் குறை இல்லை, 32 இருந்தால் வழக்கமான கோட், 16 இல்லை என்பதால் 168 என்பது ஓர் அளவு, 16 இருந்திருந்தால் அது ஒரு பாகத்தைக் குறிக்கும் எண். மீதி 1 தான் எஃப்எம்ஐ. அதாவது பேட்டரி வோல்டேஜ் உண்மையிலேயே இறங்கியிருக்கிறது. நீங்கள் ஃபிளாஷ் கோடில் பார்க்கும் 46 இதுதான்.

ஒரு எச்சரிக்கை. கேட்பது மட்டும் செய்யுங்கள், லைனில் எதையும் எழுதாதீர்கள். பிரேக்கைக் கவனிக்கும் ஏபிஎஸ் கூட அதே இரண்டு வயரில் பேசலாம். ஓடும் வண்டியில் நடுவில் புகுந்து கத்துவது நல்லதல்ல.

---

பிரம்டன்_லொறி எழுதியது:

இரண்டு பேருக்கும் மனம் நிறைந்த நன்றி. இப்படி யாரும் எனக்கு விளக்கிச் சொன்னதில்லை. இன்னும் இரண்டு சந்தேகம். ஈசிஎம் உள்ளேயே பழுதாக இருக்க வாய்ப்பில்லையா? ஒருவர் ஈசிஎம் மாற்றச் சொல்கிறார், பழையது வாங்கித் தருகிறேன் என்கிறார். மற்றது, புரோகிராம் எழுத எனக்குத் தெரியாது, மகள் கல்லூரியில் படிக்கிறாள், அவள் எழுதுவாள். ஆனால் கோட் எந்த நேரத்தில் வந்தது என்பதைப் பார்க்க வேறு கருவி வேண்டுமா?

---

நெடுஞ்சாலை_401 எழுதியது:

ஈசிஎம் பற்றி முதலில் சொல்கிறேன். மழைக்கும் மேடு பள்ளத்துக்கும் பதில் சொல்லும் குறை, வயரிலோ கனெக்டரிலோ தான் இருக்கும், ஈசிஎம்மைக் கடைசியில்தான் சந்தேகப்படவேண்டும். அதுவும் வேறு வண்டியில் இருந்து கழற்றிய ஈசிஎம் வந்தால் அதனுள்ளே அந்த வண்டியின் குதிரைத்திறன், டயர் அளவு, டிஃபரன்ஷியல் விகிதம், ஒவ்வொரு இன்ஜெக்டரின் அளவீட்டு எண், முன்னாள் சொந்தக்காரர் வைத்த பாஸ்வேர்ட் எல்லாம் கூடவே வரும். அதைத் திறக்க இன்னொரு செலவு.

நேரத்தைப் பார்க்கக் கருவி வேண்டும், ஆம். டிடெக் ஒவ்வொரு பழைய கோடுக்கும் முதல் முறை வந்த என்ஜின் மணி, கடைசியாக வந்த என்ஜின் மணி, மொத்தம் எத்தனை விநாடி நீடித்தது என்று சேமித்து வைத்திருக்கிறது. இதை டிடெக்கின் சொந்த மென்பொருளான டயக்னொஸ்டிக் லிங்க் காட்டும். பழைய டிடெக்குக்கு 6-ஆம் வரிசைப் பதிப்பு, புதியதை வாங்கிவிட்டு வேலை செய்யவில்லை என்று தவிக்கவேண்டாம். அதற்கு லொறியையும் லப்டொப்பையும் இணைக்கும், ஆர்பி1210 தரத்தில் உள்ள அடப்டர் வேண்டும், அதுவும் ஜே1708 பேசுவதாக இருக்கவேண்டும். இணையத்தில் மிக மலிவாக வருபவற்றில் போலிகள் ஏராளம். கேன் மட்டும் வேலை செய்யும், ஜே1708 பக்கம் பாதியில் நின்றுவிடும். பழைய வண்டிக்காரர்களுக்கு அதுவே வேண்டிய பக்கம்.

நான் விரும்புவது ப்ரோலிங்க் 9000. கையில் பிடிக்கும் பெரிய சாம்பல் நிறக் கருவி, டெட்ரொயிட் கார்ட்ரிட்ஜ் தனியாகச் சொருகவேண்டும். பழசு, திரை சின்னது, ஆனால் விண்டோஸ், டிரைவர், லைசென்ஸ் எந்தத் தலையிடியும் இல்லை, சொருகினால் வாசிக்கும். என்னிடம் ஒன்று இருக்கிறது, ஸ்காபரோ பக்கம் வந்தால் எடுத்துக்கொண்டு போங்கள்.

ஒன்றை மட்டும் வலியுறுத்திச் சொல்கிறேன். கருவி கையில் இருக்கிறது என்று அளவுகளை மாற்றவேண்டாம், வாசித்தால் போதும். ஒன்ராறியோவில் 1995-இலோ அதற்குப் பிறகோ வந்த, மின்னணு என்ஜின் உள்ள பெரிய லொறிகளுக்கு வேக வரம்பு மணிக்கு 105 கிலோமீட்டருக்கு மேல் வைக்கக்கூடாது, 2009-இலிருந்து இது சட்டம். ரோட்டில் நிறுத்தும் அதிகாரிகள் இதே கனெக்டரில் சொருகித்தான் அதைப் பார்க்கிறார்கள். லொக் கருவியில் விலக்கு இருப்பதால் இதிலும் விலக்கு என்று நினைக்கும் ஆட்கள் இருக்கிறார்கள், இல்லை.

---

கரிப்புகை எழுதியது:

401 அண்ணை சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். தரவு வாசிக்கத் தொடங்கும்போது என்ஜினை ஓடவிட்டுப் பார்க்கவேண்டாம். இரவு முழுக்க நின்ற வண்டியில் காலையில் சாவியை மட்டும் ஆன் பண்ணி, ஸ்டார்ட் செய்யாமல் பாருங்கள். குளிர்நீர், ஒயில், எரிபொருள், காற்று, எல்லா வெப்பமும் வெளி வெப்பத்துக்குக் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கவேண்டும். ஒயில் பிரஷர் பூஜ்யம், பூஸ்ட் பூஜ்யம். இந்த நிலையில் என்ஜின் எந்த அளவையும் மாற்றவில்லை, ஆகவே எந்த எண் பொய் சொல்கிறதோ அது சென்சரோ வயரோ தான். ஒரு சதமும் செலவில்லாத சோதனை, ஆனால் இதைச் செய்யாமல்தான் பெரும்பாலானவர்கள் நேராக என்ஜினைக் கழற்றுகிறார்கள்.

அதே நிலையில் சில்லுக்குக் கட்டை வைத்துவிட்டு ஹார்னஸைக் கையால் ஆட்டுங்கள். ஒருவர் திரையைப் பார்க்கவேண்டும், ஒருவர் ஆட்டவேண்டும். ஈசிஎம் என்ஜினின் இடது பக்கத்தில் இருக்கிறது, அங்கிருந்து தொடங்கி ஒவ்வொரு கிளிப்பாகப் போங்கள். குறை உள்ள இடத்தைத் தொட்டால் பூஸ்டும் ஒயில் பிரஷரும் ஒரே நேரத்தில் குதிக்கும்.

மீட்டர் இருந்தால் பூஸ்ட் சென்சர் பிளக்கைக் கழற்றி, பிளக்கில் 5 வோல்ட் ஊசிக்கும் திரும்பும் ஊசிக்கும் இடையில் அளந்து பாருங்கள், 5 வரவேண்டும். பிறகு அதே 5 வோல்ட் ஊசிக்கும் பேட்டரி மைனஸுக்கும் இடையில் அளங்கள். இரண்டாவதில் 5 வந்து முதலாவதில் வரவில்லை என்றால் திரும்பும் வயர்தான், வாதமே இல்லை. பிளக் ஊசிக்குள் மீட்டரின் முனையைத் திணிக்கவேண்டாம், ஊசியின் பிடி தளர்ந்துவிடும், புதிதாக ஒரு குறை பிறந்துவிடும்.

---

பிரம்டன்_லொறி எழுதியது:

அண்ணைமார், இந்தக் கிழமை நடந்ததை எழுதுகிறேன்.

401 அண்ணையின் ப்ரோலிங்க் வாங்கி வந்தேன். நாலு கோடுக்கும் கடைசி முறை வந்த என்ஜின் மணி ஒரே எண். ஒரு மணி கூட வித்தியாசமில்லை. அதைப் பார்த்தபோதே கரிப்புகை அண்ணை சொன்னதுதான் என்று புரிந்துவிட்டது, கை நடுங்கியது என்றே சொல்லலாம், இவ்வளவு நாளும் இந்தத் தகவல் வண்டிக்குள்ளேயே இருந்திருக்கிறது.

மகள் யுஎஸ்பி மாற்றியை எஃப், ஜி ஊசிகளில் இணைத்து ஒரு சின்னப் புரோகிராம் எழுதினாள். முதலில் குப்பை, வயரை மாற்றிப் போட்டதும் 128 128 என்று வரத் தொடங்கியது. காலையில் சாவி மட்டும் ஆனில் எல்லா வெப்பமும் ஒன்றுக்கொன்று கிட்ட, பிரஷர் பூஜ்யம், பூஸ்ட் பூஜ்யம். பிறகு நான் ஹார்னஸை ஆட்ட, அவள் திரையைப் பார்த்தாள். ஈசிஎம் கிட்ட ஒன்றுமில்லை. முன்பக்கம் ஒரு இரும்புப் பிடிக்குப் பின்னால் போகும் இடத்தில் கை வைத்ததும் 'அப்பா நில்லுங்கோ' என்று கத்தினாள். பூஸ்ட், ஒயில் பிரஷர் இரண்டும் ஒரே வரியில் உச்சத்துக்குப் போயிருக்கின்றன. வெப்பங்கள் மட்டும் அப்போது மாறவில்லை, அது ஏன் என்று தெரியவில்லை.

சுற்றியிருந்த நெளிகுழாயைப் பிரித்துப் பார்த்தேன். பிடி உரசி உரசி உறை தேய்ந்து, 452 என்று அச்சடித்த வயரின் செம்பு பச்சையாகப் பூத்திருக்கிறது. சில இழைகள்தான் மிச்சம். குளிர்கால உப்புத் தண்ணீர் உள்ளே போய்த் தங்கியிருக்கவேண்டும். பக்கத்து வயர்களின் உறையும் தேய்ந்திருக்கிறது, ஆனால் செம்பு வெளியே தெரியவில்லை.

இதை ஈயம் வைத்து ஒட்டுவதா, சின்ன உலோகக் குழாய்க்குள் வைத்து நசுக்கி கிரிம்ப் பண்ணுவதா?

---

பிட்டும்பைட்டும் எழுதியது:

மகளுக்கு என் வாழ்த்துகளைச் சொல்லுங்கள், உண்மையாகவே நல்ல வேலை.

வெப்பம் மாறாததற்குக் காரணம் அனுப்பும் வேகம். ஒவ்வோர் அளவுக்கும் எத்தனை நேரத்துக்கு ஒருமுறை அனுப்பவேண்டும் என்று ஜே1587-இல் இருக்கிறது. சுழற்சி வேகம் நொடிக்குப் பத்து முறை, ஆயில் பிரஷர் நொடிக்கு ஒருமுறை, குளிர்நீர் வெப்பம் பத்து நொடிக்கு ஒருமுறைதான், ஏனென்றால் தண்ணீர் ஒரு நொடியில் சூடாகிவிடாது. நீங்கள் ஆட்டிய நேரம் இரண்டு செய்திகளுக்கு நடுவில் விழுந்துவிட்டது. இதனால்தான் நேரடித் தரவை மட்டும் நம்பாமல் 194-ஐயும் சேர்த்துப் பதிவு செய்யவேண்டும். ஈசிஎம் தன் உள்ளே சென்சர்களை இதைவிடப் பல மடங்கு வேகமாகப் பார்க்கிறது, லைனில் தவறுவது அதனிடம் தவறாது. பதிவில் ஒவ்வொரு வரிக்கும் நேரத்தை மில்லிநொடியோடு எழுதச் சொல்லுங்கள், பிறகு தேடும்போது உதவும்.

---

கரிப்புகை எழுதியது:

ஈயம் வேண்டாம். சிலர் ஈயம்தான் என்றைக்கும் நிற்கும் என்பார்கள், ரேடியோவுக்குள் அது சரி. அதிரும் என்ஜினில், ஈயம் ஊறிய இடம் விறைத்துவிடும், அது முடியும் எல்லையில் வயர் மடங்கி மடங்கி அறும். பச்சை பூத்த செம்பில் ஈயம் ஒழுங்காகப் பிடிக்கவும் பிடிக்காது. பச்சை முழுக்கப் போகும்வரை இரண்டு பக்கமும் வெட்டுங்கள், உள்ளே பளபளவென்ற செம்பு தெரியும்வரை. நீளம் போதாவிட்டால் அதே தடிப்பில் ஒரு துண்டு வயர் சேருங்கள். உறை இல்லாத கிரிம்ப், நல்ல கிரிம்ப் கருவி, மேலே உள்ளே பசை உள்ள சுருங்கும் குழாய். சூடாக்கும்போது இரண்டு முனையிலும் பசை வெளியே எட்டிப் பார்க்கவேண்டும், அப்போதுதான் தண்ணீர் போகாது. இரண்டு வயரைச் சேர்க்கும் இடங்கள் பக்கத்தில் பக்கத்தில் வராமல் கொஞ்சம் தள்ளி வையுங்கள். தேய்ந்த மற்ற வயர்களுக்கும் இப்போதே உறை போட்டுவிடுங்கள், இன்னொரு குளிர்காலத்துக்கு விடவேண்டாம். அந்த இரும்புப் பிடியில் ரப்பர் உள்ள கிளிப் இல்லாவிட்டால் இதே இடம் திரும்பவும் தேயும், முதலில் அதை மாற்றுங்கள்.

வேலை தொடங்க முன் பேட்டரி மைனஸைக் கழற்றிவிடுங்கள்.

---

நெடுஞ்சாலை_401 எழுதியது:

எல்லாம் முடிந்ததும் கோட்களை அழிப்பதற்கு முன் ப்ரோலிங்க் காட்டும் மணிகளையெல்லாம் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள், அழித்தால் திரும்ப வராது. அழித்துவிட்டு மழை நாளில் லோடோடு ஒரு ஓட்டம் போய் வந்து மறுபடி பாருங்கள். லப்டொப்பைப் பார்த்துக்கொண்டு ஓட்டவேண்டாம், தரவு தானாகப் பதிவாகட்டும், வீட்டுக்கு வந்து பாருங்கள். கருவியை அவசரமாகத் திருப்பித் தரத் தேவையில்லை.

---

பிரம்டன்_லொறி எழுதியது:

கிரிம்ப் பண்ணி, பசைக் குழாய் போட்டு, ரப்பர் கிளிப்பும் மாற்றியாகிவிட்டது. நேற்று வின்ட்சர் போய் வந்தேன், ஒன்ராறியோ லண்டன் தாண்டிய பிறகு முழுக்க மழை. லைட் எரியவில்லை, இழுவை எங்கும் விடவில்லை. வீட்டுக்கு வந்து பதிவைப் பார்த்தோம், 194-இல் எதுவும் இல்லை, சுவிட்சை அழுத்தினால் இரண்டு லைட்டிலும் 25. ஒவ்வொருவருக்கும் என் நன்றி, உண்மையாகவே பெரிய உதவி.

கடைசியாக ஒன்று. கராஜில் மாற்றிய பூஸ்ட் சென்சரின் பழையதைக் கேட்டு வாங்கி வைத்திருந்தேன். அதை என்ன செய்வது?

---

கரிப்புகை எழுதியது:

அது பெரும்பாலும் நல்ல சென்சராகத்தான் இருக்கும். பிளக்கில் சொருகி, சாவி மட்டும் ஆனில் பூஸ்ட் பூஜ்யம் காட்டுகிறதா என்று பாருங்கள், காட்டினால் காய்ந்த பையில் போட்டு ஆசனத்துக்குக் கீழே வையுங்கள். சட்பரிக்கு அப்பால் நடுரோட்டில் ஒருநாள் தேவைப்பட்டால் கையில் இருக்கும். கூடவே 452, 416 வயருக்குப் பொருந்தும் தடிப்பில் கொஞ்ச வயரும், கிரிம்ப்பும், பசைக் குழாயும்.